ரிக்கவரி மெஷின் அடிக்கடி நின்றால், பிரிப்பதற்கு முன் எங்கே பார்க்கணும்

சித்திரை வெயிலில் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் மொட்டை மாடியில் வேலை செய்யும்போது, ஏ.சி.யிலிருந்து கேஸை இழுத்துச் சிலிண்டரில் சேர்க்கும் ரிக்கவரி மெஷின் திரும்பத் திரும்ப ட்ரிப் ஆகும், அதாவது தானாக நின்றுவிடும். உடனே ஸ்க்ரூ டிரைவரை எடுக்காதீர்கள். பெரும்பாலும் கோளாறு சிலிண்டரிலோ ஹோஸிலோ கரண்டிலோதான் இருக்கும்.

முதலில் சிலிண்டர் வால்வு முழுசாகத் திறந்திருக்கிறதா, ஃபேன் சுற்றுகிறதா என்று பாருங்கள். கிரானைட் பட்டறைப் பக்கம் வேலை பார்த்த மெஷினில் கண்டென்சர் ஃபின்களை (சூட்டை வெளியேற்றும் மெல்லிய தகடுகளை) மாவு போல் தூசி அடைத்திருக்கும். பிரஷ்ஷால் தட்டி, உள்ளிருந்து வெளியே காற்றடித்து எடுங்கள்.

அதற்குப் பிறகும் ட்ரிப் ஆனால் சிலிண்டரைச் சந்தேகப்படணும். 40 டிகிரியில் ஆர்-22 என்ற ஏ.சி. கேஸ் உள்ள சிலிண்டரிலேயே பிரஷர் சுமார் 208 பி.எஸ்.ஐ. இருக்கும், ஆர்-410ஏ கேஸ் என்றால் 337. பல மெஷின்களில் கட்-அவுட், அதாவது மெஷின் தானாக நிற்கும் பிரஷர், 550. அதனால் சிலிண்டரை நிழலில் வைத்து ஈரச் சாக்கைச் சுற்றுங்கள், அல்லது தண்ணீர்த் தொட்டியில் வால்வு நனையாமல் நிறுத்துங்கள்.

கொள்ளளவில் 80 சதவீதத்துக்கு மேல் நிரப்பவே கூடாது. 12 லிட்டர் சிலிண்டரில் ஆர்-22 சுமார் 11 கிலோ, ஆர்-32 சுமார் 9 கிலோதான். காலி எடையைக் கழித்து, தராசில் வைத்தே நிரப்புங்கள். அளவுக்கு மேல் நிரம்பிய சிலிண்டர் வெயிலில் வெடிக்கக்கூடும்.

காற்று புகுந்திருந்தாலும் பிரஷர் ஏறும். சிலிண்டரை இரவு முழுக்க நிழலில் விட்டு, விடிந்ததும் கேஜ் போடுங்கள். 25 டிகிரியில் ஆர்-22 சுமார் 137, ஆர்-410ஏ 225 காட்டணும். 10, 15 பி.எஸ்.ஐ. கூடுதலாக இருந்தால் காற்றோ வேறு கேஸோ கலந்திருக்கிறது. அந்தக் கேஸை வேறு ஏ.சி.யில் ஏற்றாதீர்கள், சிலிண்டரில் எழுதி ஒதுக்கிவையுங்கள். புது சிலிண்டரை வாக்குவம் போட்ட (உள்ளே உள்ள காற்றை உறிஞ்சி எடுத்த) பிறகே பயன்படுத்துங்கள்.

மெதுவாக இழுத்தால், ஷ்ரேடர் பின்னை (ஏ.சி. சர்வீஸ் வால்வுக்குள் இருக்கும் சின்ன பின்) கழற்றும் கருவியால் பின்னை எடுத்துவிட்டு 3/8 இன்ச் ஹோஸ் போடுங்கள். வித்தியாசம் அப்போதே தெரியும். ஃபில்டரில் கேஸ் வெளியேறும் பக்கம் மட்டும் ஜில்லென்று இருந்தால் அது அடைத்திருக்கிறது. கம்ப்ரசர் எரிந்த யூனிட்டில் இழுத்திருந்தால் அந்த ஃபில்டரை மறுபடி பயன்படுத்தாதீர்கள். மெஷின் டக் டக் என்று சத்தம் போட்டால், கேஸ் திரவமாகவே உள்ளே போகிறது. சத்தம் நிற்கும்வரை இன்லெட்டைக் குறையுங்கள்.

மோட்டார் ஹம் அடித்துக் கிளம்பாவிட்டால், எக்ஸ்டென்ஷன் முனையில் ஸ்டார்ட் ஆகும் நேரத்து வோல்டேஜை அளங்கள். வயலில் பம்ப்செட் ஓடும் நேரத்தில் விழும் வோல்டேஜுக்கு மெல்லிய, நீளமான ஒயர் தாங்காது, 2.5 சதுர மி.மீ. ஒயர் வேண்டும். வோல்டேஜ் சரி என்றால் உள்ளே பிரஷர் நிற்கிறது. மெஷின் குறிப்பேட்டில் உள்ளபடி சமப்படுத்தி ஸ்டார்ட் செய்யுங்கள். பிறகும் கிளம்பாவிட்டால் கெபாசிட்டரைப் பாருங்கள்.

ஆர்-32க்கு, அந்த கேஸுக்கு ஏற்றது என்று குறித்திருக்கும் மெஷின்தான் வேண்டும். அது தீப்பிடிக்கும், காற்றோட்டம் அவசியம். மாங்கூழ் ஆலைக் குளிர் அறையில் அம்மோனியா ஓடினால் இந்த மெஷினை மாட்டவே மாட்டாதீர்கள், பித்தளையையும் செம்பையும் அது அரித்துவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் இழுக்கவில்லையா? அவுட்லெட்டைக் காலி சிலிண்டரில் மாட்டி, இன்லெட்டைக் கேஜோடு மூடி ஓட்டுங்கள். முள் பூஜ்யத்துக்குக் கீழே இறங்காவிட்டால் பிஸ்டன் சீல் தேய்ந்திருக்கிறது, அல்லது வால்வு பிளேட் போயிருக்கிறது. இப்போது பிரிக்கலாம்.