கடலோர வீட்டுக்கு புக்ஷெல்ஃப் ஸ்பீக்கர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்பீக்கர் வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது "எத்தனை வாட்ஸ்?" என்றுதான். என்னைக் கேட்டால், வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே "எங்கே வைக்கப் போகிறோம்?" என்று முடிவு செய்துவிட வேண்டும். அலமாரியிலோ மேசையிலோ வைக்கிற புக்ஷெல்ஃப் ஸ்பீக்கர் என்ற இந்தச் சின்ன ஸ்பீக்கர்களில் நடக்கிற பாதித் தவறு, இடத்தைப் பார்க்காமல் பொருளைத் தேர்ந்தெடுப்பதால் வருவதுதான்.

புதுச்சேரியிலும் கடலூர் முதுநகர்ப் பக்கமும் பழைய வீடுகளில் சுவரிலேயே அலமாரி விட்டுக் கட்டியிருப்பார்கள். அளவெடுத்துச் செய்தது மாதிரி ஸ்பீக்கர் அதில் பொருந்திவிடும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் இந்த வகை ஸ்பீக்கர்கள் பலவற்றுக்கு முதுகில் ஒரு துளை உண்டு. பெட்டிக்குள் இருக்கும் காற்று அந்தத் துளை வழியாக அதிர்ந்துதான் பேஸை, அதாவது கனத்த கீழ்ஸ்தாயி ஒலியை, கூட்டித் தருகிறது. மூன்று பக்கமும் சுவர் சூழ்ந்த இடத்தில் அதைத் திணித்தால் பேஸ் வீங்கிப்போய், பாடுகிறவர் குரல் பானைக்குள்ளிருந்து வருவது போல ஆகிவிடும். அறை மூலையில் வைத்தாலும் இதே தொல்லைதான். பின்சுவரிலிருந்து ஓரடியாவது தள்ளி வைக்க இடம் இருக்கிறதா என்று பாருங்கள். அலமாரியை விட்டால் வேறு இடமே இல்லையா? சரி, துளையே இல்லாத மூடிய பெட்டியாகத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் முன்பக்கம் துளை உள்ளதை வாங்கி, பெட்டியின் முகம் அலமாரி விளிம்போடு ஒட்டி இருக்கும்படி முன்னால் இழுத்து வையுங்கள்.

உயரத்தையும் கவனிக்க வேண்டும். மேல் ஸ்தாயி ஒலி தரும் சின்ன ட்வீட்டர் காது மட்டத்தில் இருக்க வேண்டும் என்பார்கள். நாற்காலியில் உட்கார்ந்தால் காது தரையிலிருந்து 3 அடிக்கு மேல் இருக்கும். நம் வீடுகளில் பலர் பாயில் உட்கார்ந்துதான் பாட்டுக் கேட்கிறோம், அப்போது சுமார் 2.5 அடி. மேல் ஸ்தாயி ஒலி நேர்கோட்டில்தான் தெளிவாக வரும். ஸ்பீக்கரை அதைவிட உயரத்தில் ஏற்றி வைத்தால் சிம்பல், வீணையின் மீட்டொலி எல்லாம் தலைக்கு மேலேயே போய்விடும். ஸ்பீக்கரின் அடியில் பின்பக்கமாக ஒரு ரப்பர் துண்டை வைத்து, உட்கார்ந்திருப்பவரின் முகத்தைப் பார்க்கும்படி சாய்த்தால் போதும்.

அப்புறம் அறை. ஹாலின் நடுவில் நின்று ஒரு தட்டு கைதட்டிப் பாருங்கள். 'ட்ர்ர்' என்று உலோகம் அதிர்வது போல ஒரு வால் தொடர்ந்தால், டைல்ஸ் தரையும் வெறும் சுவரும் ஒலியைத் திருப்பித் திருப்பி அடிக்கின்றன என்று அர்த்தம். அந்த அறைக்குக் கூர்மையான ட்ரெபிள் (மேல் ஸ்தாயி ஒலி) உள்ள ஸ்பீக்கரை வாங்கினால் அரை மணி நேரத்தில் காது அலுத்துவிடும். கோரைப்பாய் மெல்லியது, பெரிதாக உதவாது. கனமான திரையும் கெட்டியான ஜமக்காளமும் துணி நிரம்பிய திறந்த அலமாரியும் உதவும். விலை கூடிய மாடலுக்குத் தாவும் முன் இதைச் செய்து பாருங்கள்.

வாட்ஸ் விஷயத்தில் ஏமாறுவது மிக எளிது. பி.எம்.பி.ஓ. (கண நேர உச்சம் என்று சொல்லும் விளம்பர எண்) என்று ஆயிரக்கணக்கில் போட்டிருக்கும் எண்ணைக் கண்டுகொள்ளவே வேண்டாம், தொடர்ந்து தரும் சக்தியைச் சொல்லும் ஆர்.எம்.எஸ். எண் மட்டும்தான் கணக்கு. 50 வாட்ஸிலிருந்து 100 வாட்ஸுக்குப் போனால் கூடுவது சத்த அளவில் வெறும் 3 டெசிபல். சத்தம் இரண்டு மடங்காகக் கேட்க ஏறக்குறைய பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். அதனால் ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டி எண்ணை, அதாவது ஒரே வாட்ஸில் எவ்வளவு சத்தம் தரும் என்பதை, பாருங்கள். 86 டெசிபல் ஸ்பீக்கர் தரும் சத்தத்தை 89 டெசிபல் ஸ்பீக்கர் பாதி வாட்ஸிலேயே தந்துவிடும். இன்னொன்று, '100 வாட்ஸ்' என்று அச்சிட்ட குட்டி ஆம்ப்ளிஃபயரை 12 வோல்ட் அடாப்டரில் ஓட்டினால், 8 ஓம் (மின்தடையின் அளவு) ஸ்பீக்கருக்கு அது சுத்தமாகத் தரக்கூடியது சுமார் 9 வாட்ஸ்தான். அடாப்டரின் வோல்ட் எவ்வளவு என்று கேட்காமல் ஆம்ப் வாங்காதீர்கள். ஸ்பீக்கர் 4 ஓம் என்றால், அதை உங்கள் ஆம்ப் தாங்குமா என்று அதன் முதுகில் எழுதியிருப்பதைப் படியுங்கள்.

சின்னப் பெட்டியிடம் பூமி அதிரும் பேஸை எதிர்பார்ப்பதும் தவறு. பேஸ் கிடாரின் ஆகக் கீழ்ச் சுரம் 41 ஹெர்ட்ஸ். பேஸ் தரும் கூம்பான வூஃபர் 4 அங்குலம் என்றால், அவற்றில் பெரும்பாலானவை 60, 70 ஹெர்ட்ஸுக்குக் கீழே தளர்ந்துவிடும். அதற்காக இளையராஜா பாட்டின் பேஸ் நடை காணாமல் போய்விடாது. அந்தச் சுரத்தின் 82 ஹெர்ட்ஸ் துணையொலியை வைத்தே காது அதைப் பின்தொடர்ந்துவிடும். தவில், உறுமி வயிற்றில் இடிக்க வேண்டும் என்றால் கீழ்ஸ்தாயிக்கென்றே உள்ள சப்வூஃபருக்குத் தனியாகப் பணம் ஒதுக்குங்கள்.

கடையில் கேட்கும்போது உங்களுக்கு மனப்பாடமான பாட்டுகளைப் போனில் கொண்டு போங்கள். இரண்டு ஜோடிகளை ஒப்பிட்டால் சத்தத்தைச் சமமாக்கச் சொல்லுங்கள். சத்தம் கொஞ்சம் கூடினாலே அது நல்ல ஸ்பீக்கர் என்று தோன்றிவிடும்.

கடைசியாக, நம் ஊருக்கே உரிய ஒன்று. கடலூர் தேவனாம்பட்டினத்திலோ புதுச்சேரி வைத்திக்குப்பத்திலோ வீடு இருந்தால் உப்புக்காற்று எதையும் விடாது. பழைய ஸ்பீக்கர் வாங்குகிறீர்களா? வூஃபரைச் சுற்றியுள்ள வளையத்தை விரல்நுனியால் மெல்லத் தொடுங்கள். ஃபோம் வளையமாக இருந்து விரலில் பொடி ஒட்டினால், அது உதிர ஆரம்பித்துவிட்டது. ரப்பர் வளையமே நம் காற்றுக்கு நல்லது. பெட்டியைத் திருப்பி ஓரங்களையும் பாருங்கள். மேலுறை ஒட்டாத இடத்தில் பலகை வெளியே தெரிந்தால், ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் அது உப்பும். ஆம்ப் உள்ளேயே இருக்கும் ஆக்டிவ் ஸ்பீக்கர் வசதிதான். ஆனால் உள்ளே போர்டு பழுதானால் பெட்டியே முடங்கும். கரையோர வீட்டுக்கு ஸ்பீக்கர் தனி, ஆம்ப் தனி என்று வாங்குவதையே நான் சொல்வேன்.

ஒயர் மாட்டும்போது சிவப்பைச் சிவப்பிலும் கறுப்பைக் கறுப்பிலும் மாட்டுங்கள். ஒரு ஸ்பீக்கரில் மட்டும் மாறினாலும் பேஸ் மெலிந்து, நடுவில் நிற்க வேண்டிய குரல் அறை முழுக்கச் சிதறும். சில மாதங்களுக்கு ஒருமுறை முனையைக் கழற்றிப் பாருங்கள், செம்பு பச்சையாகியிருந்தால் அந்த அரை அங்குலத்தை வெட்டிவிட்டுப் புதிதாகச் சீவி மாட்டுங்கள்.