பீட் பாசில்த்வெய்ட்டின் படங்களை எப்படிப் பார்ப்பது?

எங்கள் நாடகக் குழுவில் புதிதாகச் சேரும் பிள்ளைகள், "அண்ணே, எனக்கு ரெண்டு வரி வசனந்தானே" என்று முகம் வாடி வந்து நிற்பார்கள். அவர்களை நான் ஆங்கில நடிகர் பீட் பாசில்த்வெய்ட்டின் படங்களைப் பார்க்கச் சொல்வேன். 1946இல் இங்கிலாந்தின் வாரிங்டன் நகரில் பிறந்து, மேடையில் வளர்ந்து, ஹாலிவுட் வரை போய், 2011 ஜனவரியில் மறைந்தவர். அவர் படங்களை ஆண்டு வரிசையில் பார்க்க வேண்டாம். நான் சொல்லும் வரிசையில் பாருங்கள்.

ஏற்கெனவே பார்த்த படங்களிலிருந்து தொடங்குங்கள். 'ஜுராசிக் பார்க்' இரண்டாம் பாகத்தில் (1997) டைனோசர் வேட்டைக்கு வரும் ரோலண்ட் டெம்போ அவர்தான். 'தி யூஷுவல் சஸ்பெக்ட்ஸ்' (1995) படத்தின் வக்கீல் கோபயாஷியும், 'இன்செப்ஷன்' (2010) படத்தில் சாகக் கிடக்கும் கோடீஸ்வரரும் அவரே. மூன்றும் ஒரே ஆள் என்று பலருக்குத் தோன்றியிருக்காது.

அடுத்து, கோபயாஷியின் லிஃப்ட் காட்சியை ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். கூட வந்த மெய்க்காவலர்கள் அவர் கண்ணெதிரே சுடப்படுகிறார்கள். அவர் பதறுவதே இல்லை. அந்த அசையாமைதான் நம்மைப் பயமுறுத்துகிறது. அடுத்தவர் பேசும்போதும் செய்யும்போதும் இந்த மனிதர் என்ன செய்கிறார்? இனி எல்லாப் படத்திலும் இதையே கவனியுங்கள்.

சரி, இப்போது இரண்டு அப்பாக்கள். அடுத்தடுத்த நாட்களில் பாருங்கள், ஒரே நாளில் வேண்டாம், தாங்காது. முதலில் டெரன்ஸ் டேவிஸ் இயக்கிய 'டிஸ்டன்ட் வாய்சஸ், ஸ்டில் லைவ்ஸ்' (1988). லிவர்பூலில் ஒரு தொழிலாளிக் குடும்பம், அடித்து நொறுக்கும் அப்பா. கிறிஸ்துமஸ் இரவில் தூங்கும் குழந்தைகளை அன்பாகப் பார்க்கும் அதே மனிதர், மறுநாள் சாப்பாட்டு மேசையின் விரிப்பை அப்படியே இழுத்து எல்லாவற்றையும் தரையில் கொட்டுகிறார். ஏன் என்று படம் சொல்லாது. அவர் முகமும் சொல்லாது. அந்த மௌனத்தை விளக்க முயலாமல் அப்படியே விட்டதுதான் பெரிய துணிச்சல் என்று நினைக்கிறேன்.

மறுநாள் 'இன் தி நேம் ஆஃப் தி ஃபாதர்' (1993). குண்டுவெடிப்பு தொடர்பான வழக்கில், செய்யாத குற்றத்துக்காக மகன் ஜெரியோடு சிறைக்குப் போகும் பெல்ஃபாஸ்ட்காரர் ஜூசெப்பே கான்லன். உண்மையில் வாழ்ந்தவர், 1980இல் கைதியாகவே இறந்தவர். சிறை வந்த புதிதில், சின்ன வயதில் பந்தாடி ஜெயித்த பதக்கம் பற்றிய பழைய கோபத்தை மகன் கொட்டித் தீர்க்கும் காட்சி வரும். மகனாக நடிக்கும் டேனியல் டே லூயிஸ் பொரிந்து தள்ளுவார், கண் அவரிடமே ஓடும். இரண்டாவது முறை பார்க்கும்போது கண்ணை அப்பாவிடம் வையுங்கள். ஒவ்வொரு சொல்லும் அவர்மேல் வந்து விழுவது தெரியும். துணை நடிகருக்கான ஆஸ்கர் பரிந்துரை இந்த வேடத்துக்குத்தான் கிடைத்தது.

அப்புறம் 'பிராஸ்டு ஆஃப்' (1996). இதற்குமுன் இங்கிலாந்தில் 1984-85இல் நடந்த நிலக்கரிச் சுரங்க வேலைநிறுத்தத்தையும், 1992இல் பல சுரங்கங்களை மூடப்போவதாக அரசு அறிவித்ததையும் பற்றிக் கொஞ்சம் படித்துவிடுங்கள். இல்லாவிட்டால் பாதிப் படம் கைநழுவிப் போகும். யார்க்‌ஷயர் பேச்சுக்கு சப்டைட்டில் அவசியம். இதில் அவர் சுரங்க பேண்டு வாத்தியக் குழுவை நடத்தும் டேனி. காதில் விழும் இசைதான் அவருக்கு உலகம். நுரையீரலில் கரித்தூசி ஏறி மருத்துவமனையில் கிடக்கும்போது, தொப்பி விளக்குகளோடு குழுவினர் வெளியே நின்று வாசிக்கிறார்கள். இசைதான் முக்கியம் என்று வாழ்ந்த மனிதர் கடைசியில் லண்டன் ஆல்பர்ட் ஹால் மேடையேறி, மனிதர்கள்தான் முக்கியம் என்கிறார். அவர் படங்களில் ஒன்றே ஒன்றுதான் பார்க்க நேரம் என்றால், இதைப் பாருங்கள்.

மேடை நடிப்பை நாம் பார்க்க வழியில்லை. பிரிஸ்டல் ஓல்டு விக் பள்ளியில் பயின்று, 1970களில் லிவர்பூல் எவ்ரிமேன் அரங்கில் ஜூலி வால்டர்ஸ், பில் நை, ஜொனாதன் பிரைஸ் போன்றவர்களோடு நடித்தவர், 2008இல் அதே அரங்குக்கு ஷேக்ஸ்பியரின் லியர் மன்னனாகத் திரும்பி வந்தார். அந்த நாடகத்தை, அவருடைய கரகரத்த குரலை மனத்தில் வைத்துக்கொண்டு வாய்விட்டு வாசியுங்கள். யார் சொல்லையும் காதில் வாங்காத கிழவன், எல்லாம் போனபிறகு கேட்கத் தொடங்குகிற கதை அது. இரண்டு அப்பாக்களையும் பார்த்தபிறகு வாசித்தால் வேறு மாதிரி இருக்கும்.

கடைசியாக 'தி டவுன்' (2010). பூக்கடை நடத்தும் தாதா ஃபெர்கி. ரோஜாத் தண்டுகளை நறுக்கியபடி, நாயகனின் இறந்துபோன தாயின் கதையைச் சொல்லி அவனை மிரட்டுகிறார். அவர் மறைந்த பிறகு பிரிட்டனின் திரைப்பட விருதான பாஃப்டாவுக்குப் பரிந்துரை வந்தது இதற்குத்தான். முதலில் அவருடைய கைகளைப் பாருங்கள். இந்தக் காட்சியில் பேசுவது அவர், கேட்பது நாயகனாக வரும் பென் ஆஃப்லெக். அதனால் இன்னொரு முறை ஓடவிட்டு, ஆஃப்லெக்கின் முகத்தை மட்டும் பாருங்கள்.