அப்பா அம்மாவை மலை ரிசார்ட்டுக்கு கூட்டிட்டு போறவங்க ரூம் போடறதுக்கு முன்னாடி கேட்டுக்க வேண்டியது

டெல்டாவுலேர்ந்து வெளிநாட்டுக்கு போன எங்கள மாதிரி ஆளுங்க மனசுல ஒரு ஆசை ரொம்ப நாளா கெடக்கும், அடுத்த தடவை ஊருக்கு போறப்ப அப்பா அம்மாவை ஏதாவது ஒரு மலைக்கு கூட்டிட்டு போயி நல்ல எடத்துல தங்க வெக்கணும்னு. நம்ம பக்கம் மலையே கெடையாது. மாயவரத்துலேர்ந்து எந்த திசையில பாத்தாலும் வயல், வாய்க்கா, தென்ன மரம், தூரத்துல ஒரு கோபுரம், அவ்ளோதான். நம்மள படிக்க வெச்சி ப்ளைட் ஏத்தி விட்டுட்டு அவங்க அந்த சமதரையிலேயே இருந்துட்டாங்க. அதனால நாம மெல்போர்ன்லயோ டொரன்டோவுலயோ உக்காந்துகிட்டு ஃபோட்டோ பாத்து ஆசை ஆசையா ரூம் போடறோம். அந்த ஃபோட்டோவுல மூடுபனி தெரியும், நீச்சல் குளம் தெரியும், ராத்திரி சாப்பாடு எத்தன மணிக்கு கெடைக்கும்னு தெரியாது. வயசானவங்களுக்கு முதல்ல வேண்டியது அந்த மணிதான்.

நாங்க போனது குடகு. ஊட்டி, கொடைக்கானல்லாம் வேணாம்னு அப்பாவே சொல்லிட்டாரு, காவிரி பொறக்கற தலைக்காவிரிய பாக்கணும், அது போதும்னாரு. மாயவரத்துக்காரங்களுக்கு இது ஏன்னு சொல்ல வேண்டியதில்ல. ஐப்பசி பூரா நம்மூர் காவிரி படித்துறையான துலா கட்டத்துல முழுக்கு போட்டு, கடைசி நாள் கடைமுழுக்கு, மறுநாள் கார்த்திகை ஒண்ணு முடவன் முழுக்குன்னு வளந்தவங்க நாம. அதே ஐப்பசி பொறக்கற துலா சங்கிராந்திக்கு, அக்டோபர் 17 வாக்குல, தலைக்காவிரியில குண்டிகைங்கற சின்ன தொட்டியில தீர்த்தம் பொங்குறதா அங்க பெரிய விழா. ஆத்தோட ரெண்டு முனையிலயும் ஒரே மாசத்த கொண்டாடறாங்க, நடுவுல ஏறக்குறைய 800 கிலோமீட்டர். ஆனா எங்கப்பாவுக்கு இத்தன வருஷமா காவிரின்னா மேட்டூர் நீர்மட்டம் 120 அடிய தொட்டுச்சா இல்லையாங்கறதும், பேப்பர்ல வர்ற டிஎம்சி (நூறு கோடி கன அடி) தண்ணி கணக்கும்தான். 2018ல சுப்ரீம் கோர்ட் தமிழ்நாட்டுக்கு கர்நாடகா வருஷத்துக்கு 177.25 டிஎம்சி விடணும்னு தீர்ப்பு சொன்னப்ப அந்த பேப்பர மடிச்சி பீரோவுல வெச்ச மனுஷன்.

எப்ப போறதுங்கறத நம்ம லீவை வெச்சி முடிவு பண்ணாதீங்க. விவசாய குடும்பம்னா ஜூன் 12 மேட்டூர் தொறக்கறதுலேர்ந்து சம்பா அறுவடை முடியற வரைக்கும் உங்கப்பா எங்கயும் வரமாட்டாரு, வந்தாலும் மனசு வயல்லதான் இருக்கும், போன்ல ஆள்கூலி பேசிகிட்டே இருப்பாரு. அறுவடை முடிஞ்சி உளுந்து பயறும் எடுத்தப்புறம் ஏப்ரல் வாக்குல கூப்புடுங்க. குடகுல ஜூன்லேர்ந்து செப்டம்பர் வரைக்கும் பெரு மழை, அட்டை வேற கடிக்கும், 2018 ஆகஸ்ட்ல மண்சரிவுல அந்த மாவட்டமே எவ்வளவு கஷ்டப்பட்டுச்சுன்னு தெரியும். அந்த மாசங்கள்ல பெரியவங்கள கூட்டிட்டு போகவே போகாதீங்க. துலா சங்கிராந்தி அன்னிக்கும் கூட்டத்துல அவங்களால நிக்க முடியாது. தசரா சமயத்துல மைசூர்ல ரூமும் கெடைக்காது ரயில்ல எடமும் கெடைக்காது.

போறதுக்கு மைசூர் எக்ஸ்பிரஸ் இருக்கு, மாயவரம், கும்பகோணம், தஞ்சாவூர் வழியா ராத்திரி பூரா ஓடி காலையில மைசூர்ல விட்டுடும். குடகுக்குள்ள ரயில் கெடையாது, மைசூர்லேர்ந்து மடிகேரி சுமார் 120 கிலோமீட்டர், அங்கயே டாக்சி எடுங்க, நம்மூர் வாடகை வண்டிய கொண்டு போனா கர்நாடகா பர்மிட், வரின்னு அது ஒரு தனி செலவு வரலாம். லோயர் பெர்த்த முன்னாடியே போட்டுடுங்க. கொடைக்கானல், ஊட்டி போறவங்களுக்கு 2024 மே 7லேர்ந்து சென்னை ஹைகோர்ட் உத்தரவுப்படி இ-பாஸ் வேணும், இந்தியா நம்பர் இல்லாதவங்க இமெயில் வெச்சி பதிவு பண்ணிக்கலாம். வண்டி மலை ஏற ஆரம்பிச்சப்புறம் பண்ணிக்கலாம்னு விட்டுடாதீங்க, சிக்னல் இருக்காது.

இப்ப ரிசார்ட்டுக்கு வர்றேன்.

கெளம்பறதுக்கு முன்னாடி நாள் அம்மா வழக்கம்போல கட்டுசாதம் கட்டுனாங்க. புளிசாதம், மொளகாபொடியும் நல்லெண்ணெயும் தடவுன இட்லி, எலுமிச்ச ஊறுகா, எல்லாம் எவர்சில்வர் தூக்குல. நான் காலேஜுக்கு கெளம்புனப்பவும் அதே தூக்குதான், முதல் தடவை ப்ளைட் ஏறறப்ப திருச்சி ஏர்போர்ட் வாசல்ல வேன்ல உக்காந்து சாப்ட்டதும் அதுலதான். அப்பாவுக்கு சுகர், ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி இன்சுலின் போட்டுக்கறாரு, போட்டா அரை மணி நேரத்துக்குள்ள சாப்ட்டாகணும். ஏழே காலுக்கு ஊசி, ஏழரைக்கு சோறு, வருஷக்கணக்கா வீட்ல அதுதான் நேரம். அதனாலதான் அம்மா எங்க போனாலும் கையில ஏதாவது வெச்சிருப்பாங்க.

ரிசார்ட் கேட்லயே வண்டிய நிறுத்தி செக்யூரிட்டி பைய தொறந்து பாத்தாரு. வெளி சாப்பாடு உள்ள கொண்டு போகக்கூடாதாம். என் புக்கிங் வவுச்சர்ல அப்படி ஒரு வரியே இல்ல. குரங்கு வரும், எறும்பு வரும்னு ஏதோ சொன்னாங்க, டோக்கன் குடுத்து போறப்ப வாங்கிக்கோங்கன்னாங்க. நான் சத்தம் போட ஆரம்பிச்சதும் அம்மா என் கைய புடிச்சி, “விடுப்பா, எங்களால உனக்கு எதுக்கு சங்கடம், எத்தன நாள் இருக்கப்போற, சண்டை போட்டுகிட்டா இருப்பே”ன்னாங்க. அந்த வார்த்தைக்கு மேல என்னால பேச முடியல. ரிசப்ஷன்ல இருந்த பொண்ணு மட்டும் சிரிச்ச மொகத்தோட டின்னர் ஏழரைலேர்ந்து சார்னு சொல்லுச்சு.

அப்பா அதை நம்பி ஏழே காலுக்கு ஊசி போட்டுகிட்டாரு. ஏழரைக்கு டைனிங் ஹால் போனா கதவு சாத்தியிருக்கு, ஏதோ கம்பெனி ஆளுங்க பெரிய குரூப்பா வந்திருக்காங்களாம், பஃபே எட்டரைக்குதானாம். ஒரு தட்டு சாதம், கொஞ்சம் தயிர் குடுங்கன்னு கேட்டேன். பஃபே நேரத்துல ரூம் சர்வீஸ் கெடையாது, கிச்சன்ல ஆள் இல்ல, மேனேஜர்கிட்ட கேக்கறோம்னு ஒவ்வொருத்தரா கை காட்டுறாங்க. மேனேஜர் வந்து ரூல்ஸ் சொல்றாரு. பாஸ்போர்ட் காப்பி இன்னும் கிளியரா வேணும்னு அந்த நேரத்துல இன்னொருத்தர் வந்து நிக்கறாரு. அப்பா சோபாவுல உக்காந்திருந்தவரு பேச்ச நிறுத்திட்டாரு. பாத்தா நெத்தியெல்லாம் வேர்வை, அந்த குளிர்ல, கை நடுங்குது. அம்மா யாரையும் கேக்கல, ரூமுக்கு வேகமா போயி டீ கெட்டில் பக்கத்துல வெச்சிருந்த சர்க்கரை பாக்கெட் அத்தனையும் அள்ளிட்டு வந்து கிழிச்சி அப்பா வாயில போட்டாங்க. நான் கேட்டுக்கு ஓடுனேன். அந்த காட்டேஜ் பாதை முழுக்க இறக்கம், படி, இருட்டு. கேட்ல இருந்த பெரியவர் டோக்கன் கூட கேக்கல, தூக்குவாளிய தன்னோட கேபின்லயே பத்திரமா வெச்சிருந்தாரு, என் மொகத்த பாத்ததும் எடுத்து குடுத்துட்டாரு. லாபியிலயே உக்காத்தி வெச்சி அம்மா இட்லி ஊட்டுனாங்க. யாரும் வந்து தடுக்கல. எட்டரைக்கு பஃபே தொறந்துச்சு, பன்னீர், நூடுல்ஸ், கேக், ஐஸ்கிரீம்னு வரிசையா வெச்சிருந்தாங்க, வெறும் ரசம் சாதம் கெடையாது. பில்லுல மூணு பேருக்கும் முழு டின்னர் காசு.

நான் அங்க இல்லாத நாள்ல எல்லாம் அப்பாவுக்கு இப்படி எத்தன தடவை வந்திருக்கும், போன்ல “நல்லா இருக்கேன்பா”ன்னு எத்தன தடவை சொல்லியிருப்பாருன்னு அன்னிக்கு ராத்திரி பூரா தூக்கமே வரல. அம்மாவுக்கு சர்க்கரை பாக்கெட் எங்க இருக்குன்னு யோசிக்காம தெரிஞ்சுதே, அதுவே பதில்.

அதனால கேட்டுக்கோங்க. ரூம் போடறதுக்கு முன்னாடி போன் பண்ணி, மெயில்லயும் எழுதி வாங்குங்க: டின்னர் எத்தன மணிக்கு தொறக்கும், குரூப் இருந்தா மாறுமா, சுகர் இருக்கறவங்களுக்கு முன்னாடியே ஒரு தட்டு குடுப்பீங்களா, வீட்டு சாப்பாடு, மருந்து, பால் பவுடர் உள்ள விடுவீங்களா. எழுத்துல இருந்தா கேட்ல காட்டலாம். ரிசப்ஷன்ல வாயால சொல்றத நம்பி ஊசி போட விடாதீங்க, தட்டு கண்ணு முன்னாடி வந்தப்புறம் போடட்டும். குளுக்கோஸ் பாக்கெட், சுகர் பாக்கற மெஷின் ரெண்டும் சட்டைப்பையிலயே இருக்கட்டும். சுகர் எறங்கிடுச்சுன்னா 15 கிராம் சர்க்கரை குடுத்து 15 நிமிஷம் பொறுத்து திரும்ப பாக்கணும், ஏறலன்னா இன்னொரு தடவை, அப்புறம் சாப்பாடு, நினைவு தப்பிட்டா வாயில எதையும் ஊத்தாம நேரா ஆஸ்பத்திரி. மலையில ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்னும் முன்னாடியே கேளுங்க. டைனிங் ஹாலுக்கு பக்கத்து காட்டேஜா கேளுங்க, வியூ இல்லன்னா பரவால்ல, மூட்டு வலி இருக்கறவங்களுக்கு நாப்பது படி ஏறி பாக்கற வியூ வேணாம்.

காசு விஷயம். ரூம் வாடகையோட சேர்ற சாப்பாட்டு பிளான்ல சிபின்னா (CP) காலை டிபன் மட்டும், எம்ஏபின்னா (MAP) டிபனோட இன்னொரு வேளை, ஏபின்னா (AP) மூணு வேளையும். வயசானவங்களுக்கு சிபி போதும், ஏன்னா அவங்க பஃபேயில சாப்புடறது ரெண்டு கரண்டி. ஒரு நாள் வாடகை 7500 ரூபாய் வரைக்கும் 2025 செப்டம்பர் 22லேர்ந்து 5 சதவீதம் ஜிஎஸ்டி, தாண்டுனா 18, அந்த மாதிரி பெரிய வாடகை வாங்குற எடத்துல சாப்பாட்டு பில்லுக்கும் 18 வரும். சர்வீஸ் சார்ஜ்னு தானா சேத்திருந்தா எடுக்க சொல்லுங்க, 2022லயே நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அப்படி சேக்கக்கூடாதுன்னு சொல்லிடுச்சு, 2025 மார்ச்ல டெல்லி ஹைகோர்ட்டும் அதை ஒத்துகிடுச்சு. அந்த காச கேட்ல இருக்கறவருக்கு நேரா குடுங்க. வெளிநாட்டு பாஸ்போர்ட், ஓசிஐ (வெளிநாட்டு குடியுரிமை வாங்குன இந்திய வம்சாவளிக்காரங்களுக்கு குடுக்கற கார்டு) வெச்சிருக்கறவங்க விவரத்த 24 மணி நேரத்துக்குள்ள ஆன்லைன்ல ஏத்தணும்னு ரிசார்ட்காரங்களுக்கு சட்டம், அதுல அவங்கமேல தப்பில்ல, ரெண்டையும் காப்பியோட எடுத்துட்டு போங்க. அப்பா அம்மாவுக்கு ஆதார்.

சொந்தக்காரங்க நாங்களும் வர்றோம்னு சொல்வாங்க, எங்க அத்தை சொன்னாங்க. ரூம்ல மூணாவது ஆளுக்கு தனி சார்ஜ், ஐடி, பெட் எல்லாம் இருக்கு, முன்னாடியே சொல்லாம வந்து நின்னா கேட்ல அவமானப்படறது அத்தைதான். முடியலன்னா ஊர்லயே தெளிவா சொல்லிடுங்க, கோவிச்சுகிட்டாலும் கார்த்திகைக்குள்ள சரியாயிடும்.

மறுநாள் ரிசார்ட்டுக்கு வெளில ஒரு வீட்டு மெஸ்ல சாப்ட்டோம், அங்கதான் அப்பா வயிறார சாப்ட்டாரு. அக்கி ரொட்டி, நூல்புட்டுன்னு நம்ம இடியாப்பம் மாதிரியே ஒண்ணு, மூங்கில் குருத்து கறி, கடம்புட்டுங்கற அரிசி நொய் உருண்டை. பன்றிக்கறி வேணாம்னா சொல்லிடுங்க, அங்க அது விசேஷ சாப்பாடு, கச்சம்புளின்னு ஒரு கறுப்பு புளிப்பு சாறு ஊத்தி வெப்பாங்க. அந்த அம்மா அப்பாவுக்கு ஏழரைக்கே சோறு போடறேன்னாங்க, கேட்டது ஒரே ஒரு தடவைதான். அடுத்த தடவை நான் ஹோம்ஸ்டேதான் போடுவேன், நீங்களும் அதையே போடுங்க, மெத்தை கொஞ்சம் கெட்டியா இருந்தாலும்.

மடிகேரியிலேர்ந்து பாகமண்டலம், அங்க காவிரி, கன்னிகே, சுஜ்யோதி மூணும் சேருது, அங்கேர்ந்து மேல 8 கிலோமீட்டர் தலைக்காவிரி. மத்த நாள்ல ஊத்து பொங்குறது தெரியாது, சின்ன குண்டிகை, முன்னாடி குளம், அவ்ளோதான், இதுக்கா வந்தோம்னு பிள்ளைங்க கேக்கும். அப்பா ரொம்ப நேரம் நின்னாரு. “இம்மாம் தண்ணிதானாடா தம்பி, இதுக்கா நாம இவ்ளோ வருஷம் காத்துகிட்டு கெடந்தோம்”னாரு. அவசரப்படுத்தாதீங்க, டாக்சிக்காரர் வெயிட்டிங் கேட்டா குடுத்துடுங்க.

கடைசியா ஒண்ணு. பெங்களூர் ஏர்போர்ட் கிட்டதானே, மலையிலேர்ந்து அப்படியே ப்ளைட் ஏறிடலாம்னு டிக்கெட் போடாதீங்க. அவங்க ரெண்டு பேரும் மைசூர் ஸ்டேஷன்ல பைய தூக்கிகிட்டு தனியா ஊருக்கு திரும்ப வேண்டியிருக்கும், போய் சேந்துட்டாங்களான்னு நீங்க பாஸ்போர்ட் வரிசையில நின்னுகிட்டு போன் அடிச்சிகிட்டே இருப்பீங்க. கூடவே மாயவரம் வரைக்கும் வாங்க, ரெண்டு நாள் வீட்ல இருங்க, அப்பாவ டாக்டர்கிட்ட காட்டி இன்சுலின் அளவ சரி பாருங்க, மாத்திரை சீட்ட ஃபோட்டோ எடுத்துக்கோங்க, அப்புறம் திருச்சியிலேர்ந்து கெளம்புங்க. அங்கேர்ந்து சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாய்க்கு நேரா ப்ளைட் இருக்கு, கொஞ்சம் காசு கூட ஆனாலும் அதையே போடுங்க.