ஓவர்க்ளாக் செய்ய கிராஃபிக்ஸ் கார்டு வாங்கும்போது சறுக்கும் இடங்கள்

மூன்று ஃபேன், செங்கல் கனத்துக்கு ஒரு ஹீட்சிங்க், பெட்டியின் மேலேயே கொட்டை எழுத்தில் ‘ஓசி’, அதாவது ஓவர்க்ளாக்: சிப்பை அதன் இயல்பான வேகத்துக்கு மேல் ஓட்டுவது. ஓவர்க்ளாக் செய்யவென்றே பிறந்த கார்டு என்று நம்பித்தான் வாங்கினேன். மாட்டிவிட்டு கார்டின் அமைப்புகளை மாற்றும் ஆஃப்டர்பர்னர் மென்பொருளைத் திறந்து, கார்டு எடுக்கும் மின்சாரத்தின் உச்சவரம்பான பவர் லிமிட் ஸ்லைடரை வலப்பக்கம் இழுத்தால், 100 சதவீதத்திலேயே முட்டிக்கொண்டு நின்றது. ஒரு புள்ளிகூட மேலே போகவில்லை. சரி, க்ளாக்கையாவது, அதாவது சிப்பின் வேகத்தையாவது கூட்டுவோம் என்று 150 மெகாஹெர்ட்ஸ் ஏற்றினேன். கேமில் உண்மையாகக் கூடியது 30 மெகாஹெர்ட்ஸ்தான். கார்டோ 60 டிகிரியில் குளுகுளுவென்று ஓடிக்கொண்டிருந்தது. அவ்வளவு பெரிய ஹீட்சிங்குக்கு வேலையே இல்லை.

ஜிபியு-இசட் என்ற சின்ன மென்பொருளில் சென்சார் பக்கத்தைத் திறந்தால் ‘பெர்ஃப்கேப் ரீசன்’ என்று ஒரு வரி இருக்கும். கார்டு ஏன் இதற்கு மேல் வேகமெடுக்கவில்லை என்பதை அது சொல்லும்: பவர், சூடு, வோல்டேஜ் ஆகியவற்றில் எது தடுக்கிறதோ அது. என் கார்டில் கேம் ஓடிய நேரம் முழுக்க அந்த வரி ‘பவர்’ என்றே காட்டிக்கொண்டிருந்தது. வாங்குவதற்கு முன் நான் பார்க்காமல் விட்டதும் அதைத்தான்.

வாட் கணக்கைப் பார்க்காமல் வாங்குவது

2012-ல் வந்த ஜிடிஎக்ஸ் 680 கார்டில் சிப் தயாரிப்பாளரான என்விடியா ‘ஜிபியு பூஸ்ட்’ என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. அன்றுமுதல் கார்டு தன்னைத்தானே ஓவர்க்ளாக் செய்துகொள்கிறது என்றே சொல்லலாம். பவர், சூடு, வோல்டேஜ் என்ற மூன்றில் ஏதாவது ஒன்று தடுக்கும்வரை அது வேகத்தை ஏற்றிக்கொண்டே போகும். நீங்கள் க்ளாக்கில் 100 கூட்டுவது ஒரு வேண்டுகோள் மட்டுமே. அதற்கான வாட் இல்லையென்றால் கார்டு கமுக்கமாகக் கீழே இறங்கிவிடும்.

ஆகவே ஒரே சிப், ஒரே பெயர் கொண்ட இரண்டு கார்டுகளுக்கு நடுவே ஓவர்க்ளாக் செய்பவருக்கு முக்கியமான வித்தியாசம் பயாஸில், அதாவது கார்டுக்குள்ளேயே பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருளில், எழுதப்பட்ட பவர் லிமிட்தான். ஆர்டிஎக்ஸ் 3080-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். என்விடியா அதற்கு நிர்ணயித்தது 320 வாட். என்விடியாவின் சொந்த ஃபவுண்டர்ஸ் எடிஷனில் ஸ்லைடரை முழுக்க இழுத்தால் 370 வாட் வரை போகும். மூன்று 8 பின் மின் இணைப்பு வைத்த சில மாடல்கள் 450 வரை அனுமதித்தன. பெயர்ப்பலகை எல்லாவற்றிலும் 3080 என்றுதான் இருக்கும்.

இந்த எண் பெட்டியில் இருக்காது, ஆனால் தேடினால் கிடைக்கும். டெக்பவர்அப் இணையதளம் தொகுத்து வைத்திருக்கும் பயாஸ் பட்டியலில் உங்கள் மாடலின் சரியான பெயரைப் போட்டால், இயல்பான வாட் எவ்வளவு, அதிகபட்சம் எவ்வளவு என்று இரண்டு எண்கள் வரும். இரண்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளிதான் உங்களுக்கு விளையாடக் கிடைக்கும் இடம். இரண்டும் ஒன்றாக இருந்தால், எத்தனை ஃபேன் இருந்தாலும் அந்தக் கார்டு ஓவர்க்ளாக்குக்கு வாங்குவதற்கல்ல. கார்டு ஏற்கெனவே கையில் இருந்தால் ஜிபியு-இசட்டின் அட்வான்ஸ்டு பக்கத்திலும் இதே விவரம் உண்டு.

இணைப்புகளை எண்ணுவது ஒரு குறுக்குவழி. மதர்போர்டு ஸ்லாட் 75 வாட், 6 பின் 75, 8 பின் 150. ஒரே ஒரு 8 பின் என்றால் விதிப்படி மொத்தம் 225-க்கு மேல் போக முடியாது. தனி இணைப்பே இல்லாத கார்டு 75-க்குள் அடங்கியாக வேண்டும். அதில் ஓவர்க்ளாக் ஆசையே வேண்டாம். ஆனால் கவனம், இணைப்பு என்பது மேல்வரம்பு மட்டும்தான். என் கார்டில் இரண்டு 8 பின் இருந்தது. பயாஸில் பூட்டுப் போட்டிருந்தால் அதை வைத்து என்ன செய்ய?

வோல்டேஜ் ஸ்லைடரை நம்பி வாங்குவது

பழைய காலத்து வழிகாட்டிகளைப் படித்துவிட்டு வருபவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். ஒருகாலத்தில் வோல்டேஜை மில்லிவோல்ட் கணக்கில் நாமே வைத்துக்கொள்ளலாம். இப்போது அந்தச் சுதந்திரம் ஏறக்குறைய போய்விட்டது. கார்டு தயாரிப்பாளரான ஈவிஜிஏ தன் ஜிடிஎக்ஸ் 680 கிளாசிஃபைடு கார்டில், தனிக் கருவி ஒன்றைச் செருகி வோல்டேஜை ஏற்றும் வசதி வைத்திருந்தது. 2012-லேயே என்விடியாவின் வற்புறுத்தலால் அதை எடுத்துவிட்டார்கள். என்விடியாவின் மேக்ஸ்வெல் தலைமுறைச் சிப்புகள் வரை பயாஸைத் திருத்தி எழுதிக்கொள்ளும் வழியாவது இருந்தது. 2016-ல் அடுத்த தலைமுறையான பாஸ்கல் வந்தபோது அதுவும் அடைபட்டது.

இப்போது ஆஃப்டர்பர்னரில் தெரியும் வோல்டேஜ் ஸ்லைடர் 0 முதல் 100 வரை சதவீதம் காட்டும். 100 என்றதும் இரு மடங்கு என்று நினைத்துப் பயப்படவும் வேண்டாம், சந்தோஷப்படவும் வேண்டாம். அது செய்வதெல்லாம் வேக-வோல்டேஜ் வரைபடத்தின் உச்சியில் பூட்டி வைத்திருக்கும் கடைசிச் சில புள்ளிகளைத் திறந்துவிடுவதுதான். ஜிடிஎக்ஸ் 1080-இல் 1.062 வோல்ட் 1.093 ஆகும், ஆர்டிஎக்ஸ் 4090-இல் 1.05 என்பது 1.1 ஆகும். விலை கூடிய மாடல் வாங்கினால் இந்த வரம்பும் கூடும் என்பது வீண் கனவு. வரம்பு சிப்புக்குத்தான், ஹீட்சிங்குக்கு இல்லை. சில மாடல்களில் இந்த ஸ்லைடரே மங்கலாகி நகராமல் நிற்பதும் உண்டு.

கிடைக்கும் அந்தத் துளி வோல்டேஜும் இலவசமில்லை. சிப் இயங்கும்போது எரிக்கும் மின்சாரம் வேகத்துக்கு நேர்விகிதம், வோல்டேஜின் வர்க்கத்துக்கும் நேர்விகிதம். 1.00 வோல்ட்டை 1.10 ஆக்கினால் வேகம் மாறாமலேயே 21 சதவீதம் கூடுதல் செலவு. அதில் 3 சதவீத வேகமும் ஏற்றினால் கிட்டத்தட்ட 25 சதவீதம். கேமில் நொடிக்கு 60 ஃபிரேம் 62 ஆக, கார்டு கால்வாசி மின்சாரத்தைக் கூடுதலாகக் குடிக்கிறது. ஏற்கெனவே பவர் லிமிட்டில் முட்டிக்கொண்டிருக்கும் கார்டில் வோல்டேஜை ஏற்றினால் வேகம் குறையவே செய்யும். வாட் முழுவதையும் வோல்டேஜ் விழுங்கிவிடும், க்ளாக்குக்கு மிஞ்சாது. ஸ்லைடரைக் கூட்டினேன், ஸ்கோர் இறங்கிவிட்டது என்று தலையைச் சொறிபவர்கள் பெரும்பாலும் இதில் மாட்டியவர்கள்தான்.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் லாபம். 1.05 வோல்ட்டில் ஓடும் கார்டை அதே வேகத்தில் 0.90-இல் ஓட்ட முடிந்தால் நாலில் ஒரு பங்குக்கு மேல் மின்சாரம் மிச்சம். ஆஃப்டர்பர்னரில் கன்ட்ரோலும் எஃப்பும் சேர்த்து அழுத்தினால் ஒரு வரைபடம் திறக்கும். 0.90 வோல்ட்டுக்கு நேராக உள்ள புள்ளியைப் பிடித்து நீங்கள் விரும்பும் வேகத்துக்கு உயர்த்தி, அதற்கு வலப்பக்கம் இருப்பதையெல்லாம் அதே உயரத்துக்குத் தட்டையாக்கிவிட வேண்டும். மேலே சொன்ன என் கார்டை நான் கடைசியில் சமாளித்தது இப்படித்தான். க்ளாக் கூட்டியபோது கிடைக்காத நிலையான வேகம், வோல்டேஜைக் குறைத்தபோது கிடைத்தது.

என்விடியாவின் போட்டியாளரான ஏஎம்டி பக்கம் இது இன்னும் வெளிப்படையாகத் தெரியும். ஆர்எக்ஸ் 7900 எக்ஸ்டிஎக்ஸில் அட்ரினலின் மென்பொருளின் வோல்டேஜ் அளவு 1150 மில்லிவோல்ட்டில் தொடங்கும். அங்கிருந்து இறங்கத்தான் முடியும். இறக்கினால் மிச்சமாகும் வாட்டை எடுத்துக்கொண்டு கார்டு தானாகவே வேகத்தை ஏற்றிக்கொள்ளும். அங்கே ஓவர்க்ளாக் என்றாலே பாதி வேலை வோல்டேஜைக் குறைப்பதுதான்.

சில்லறைத் தவறுகள்

‘18 ஃபேஸ் விஆர்எம்’ என்று விளம்பரத்தில் பார்த்து மயங்குவது. விஆர்எம் என்பது சிப்புக்கும் மெமரிக்கும் ஏற்ற வோல்டேஜில் மின்சாரம் தரும் பகுதி, ஃபேஸ் அதன் கிளை. அந்த 18-இல் மெமரிக்குப் போவது எத்தனை, சிப்புக்குப் போவது எத்தனை என்று பிரித்துப் பார்க்க வேண்டும். மேலும் வோல்டேஜே பூட்டியிருக்கும் கார்டில் விஆர்எம் திணறுவது அரிது.

பெட்டியிலேயே ‘ஓசி’ என்று எழுதியிருப்பதற்குக் கூடுதல் விலை கொடுப்பதும் அப்படித்தான். தொழிற்சாலையிலிருந்து வரும் அந்தக் கூடுதல் வேகம் பெரும்பாலும் சில சதவீதம். அதை நீங்களே பத்து நிமிடத்தில் செய்துவிடலாம். விமர்சனத்தில் ஒருவர் எட்டிய மெகாஹெர்ட்ஸை அப்படியே எதிர்பார்க்கவும் வேண்டாம். ஒரே வேஃபரில் (சிலிக்கான் தட்டில்) வெட்டிய இரண்டு சிப்புகளே ஒன்றுபோல் இருக்காது. விமர்சனத்தில் பார்க்க வேண்டியது பவர் லிமிட், ஃபேன் சத்தம், மெமரி சூடு ஆகிய மூன்றையும்தான். ஒரே மாடலுக்குள் இவை கார்டுக்குக் கார்டு அவ்வளவாக மாறாது.

மெமரியை மறந்துவிடுவது

சிப் 65 டிகிரி காட்டுகிறது, கூலர் அருமை என்று முடிவு கட்டிவிடுவார்கள். பக்கத்திலேயே மெமரி வெந்துகொண்டிருக்கும். ஜிடிடிஆர்6எக்ஸ் என்ற வகை மெமரி 110 டிகிரியை நெருங்கினால் கார்டு வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆர்டிஎக்ஸ் 3090-இல் மெமரி சிப்புகளில் பாதி போர்டின் பின்பக்கம் இருந்தன. முன்பக்கம் எவ்வளவு பெரிய கூலர் வைத்தாலும் அவற்றுக்கு எட்டாது. அந்த வகைக் கார்டில் பின்தகடு அலங்காரமா, தெர்மல் பேட் வைத்து உண்மையிலேயே சூட்டை இழுக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

மெமரி ஓவர்க்ளாக்கில் இன்னொரு கண்ணி உண்டு. பழைய மெமரியில் அளவு மீறினால் திரையில் புள்ளி புள்ளியாகத் தெரியும், நாமும் பின்வாங்குவோம். இப்போதைய மெமரி தவறான தகவலைத் தானே கண்டுபிடித்து மறுபடி அனுப்பிக்கொள்ளும். திரையில் ஒன்றும் தெரியாது, கேம் நிற்காது, ஃபிரேம் மட்டும் குறையும். ஆகவே 100, 100 ஆக ஏற்றி ஒவ்வொரு படியிலும் பெஞ்ச்மார்க் ஓட்டி ஸ்கோரை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கோர் எங்கே திரும்புகிறதோ அதற்கு இரண்டு படி கீழே வந்து நில்லுங்கள்.

பவர் சப்ளை

450 வாட் கார்டு எப்போதும் 450-இல் நிற்காது; கண் இமைக்கும் நேரத்துக்கும் குறைவான பொழுதில் அதைத் தாண்டித் துள்ளிவிட்டு இறங்கும். 30 வரிசைக் கார்டுகள் வந்தபோது நல்ல பவர் சப்ளைகளே சில சமயம் அணைந்து போனது இதனால்தான். 2022-ல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதிமுறை இந்தத் துள்ளலைத் தாங்குவதற்கென்றே எழுதப்பட்டது. பவர் லிமிட்டை ஏற்றும் எண்ணம் இருந்தால் கார்டின் இயல்பான வாட்டை வைத்து பவர் சப்ளையைக் கணக்கிடாதீர்கள். அதிகபட்ச வாட்டை வைத்துக் கணக்கிடுங்கள். இரண்டு 8 பின் கேட்கும் கார்டுக்கு இரண்டு தனித்தனிக் கேபிள் கொடுங்கள், ஒரே கேபிளின் இரு வால்களை மாட்ட வேண்டாம். புதிய 16 பின் இணைப்பு என்றால் இடைவெளி தெரியாதபடி கடைசிவரை அழுத்திச் செருக வேண்டும்.

திருப்பிக் கொடுக்கும் நாள் முடிவதற்குள் சோதிக்காமல் விடுவது

சோதிப்பவர்களிலும் பலர் கார்டுக்கு முழுப் பாரம் கொடுக்கும் ஃபர்மார்க் சோதனையை ஓட்டிவிட்டு ‘நிலையாக இருக்கிறது’ என்று முடித்துவிடுவார்கள். அது கார்டை உடனே பவர் லிமிட்டில் கொண்டுபோய் இடிக்கும். க்ளாக் மளமளவென்று இறங்கிவிடும். அதாவது நீங்கள் ஏற்றி வைத்த உச்ச வேகத்தை அது தொடவே இல்லை. அப்புறம் ஏதோ ஒரு லேசான கேமின் மெனுவில் கார்டு உச்சத்துக்குப் போய் டிரைவர் படுத்துவிடும். கனமான கேம் ஒன்று, லேசான கேம் ஒன்று, ரே டிரேசிங் உள்ள ஒன்று என மூன்றிலும் மணிக்கணக்கில் ஓட்டிப் பார்ப்பதே சரி. ஓட்டும்போது காதையும் தீட்டி வைத்துக்கொள்ளுங்கள். வாட் ஏற ஏற சில கார்டுகளில் ‘காயில்’ எனப்படும் கம்பிச்சுருள் கீச்சென்று கத்தும். அது எந்த ஸ்பெசிஃபிகேஷனிலும் இருக்காது.

பழைய கார்டு வாங்குகிறீர்கள் என்றால் முதல் வேலையாக பயாஸைப் பாருங்கள். அதிக வாட் வேண்டி வேறு மாடலின் பயாஸை ஏற்றி ஓட்டியவர்கள் அதைத் திரும்ப மாற்றாமலே விற்றுவிடுவதுண்டு. ஜிபியு-இசட்டில் தெரியும் பயாஸ் பதிப்பு எண், ஸ்டிக்கரில் இருக்கும் மாடலுக்கு உரியதுதானா என்று ஒப்பிடுங்கள். படம் வரும் எல்லா போர்ட்டிலும் மானிட்டரை ஒருமுறை மாட்டிப் பாருங்கள். வேறு மாடலின் பயாஸ் என்றால் அவற்றில் ஒன்றிரண்டு வேலை செய்யாமல் இருக்கும்.