அசெக்ளோஃபெனாக்–பாராசிட்டமால் மாத்திரையைப் பாதுகாப்பாக உட்கொள்ளும் முறை

மூட்டுவலிக்கு இந்தியாவில் பரவலாக எழுதித் தரப்படும் இந்தக் கூட்டு மாத்திரையில் பொதுவாக 100 மில்லிகிராம் அசெக்ளோஃபெனாக்கும் 325 மில்லிகிராம் பாராசிட்டமாலும் இருக்கும். மருத்துவர் வேறு அளவு சொல்லாதவரை, காலையும் இரவும் உணவுக்குப் பின் ஒன்று வீதம் விழுங்குவதே வழக்கம். வலி குறையவில்லை என்று மூன்றாவதைச் சேர்க்கக் கூடாது.

பலரும் கவனிக்கத் தவறுவது, மாத்திரை அட்டையின் பின்புறம் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் மருந்துப் பெயர்களைத்தான். காய்ச்சலுக்கோ சளிக்கோ வாங்கும் மாத்திரையிலும் பாராசிட்டமால் இருக்கலாம் என்பதால், இரண்டையும் சேர்த்து உண்பவருக்கு அளவு மீறிக் கல்லீரல் பாதிக்கப்படக்கூடும். மது அருந்துவோருக்கு இந்த ஆபத்து மேலும் அதிகம். அதேபோல் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென் போன்ற, அசெக்ளோஃபெனாக் வகையைச் சேர்ந்த வலி மருந்துகளை இதனுடன் சேர்ப்பது வலியைக் கூடுதலாகத் தணிக்காது, வயிற்றைத்தான் புண்ணாக்கும்.

குடற்புண், சிறுநீரகக் கோளாறு, இதயநோய், ஆஸ்துமா உள்ளவர்களும், கருவுற்றோரும், இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும், இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை உண்பவர்களும் அதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பழைய மருந்துச் சீட்டைக் காட்டி மாதக்கணக்கில் வாங்கி விழுங்குவது, நம்மிடையே எவ்வளவு சாதாரணமாக இருந்தாலும், தவறான பழக்கமே. மலம் கருத்துப் போனாலோ, கண் மஞ்சளித்தாலோ, முகம் வீங்கி மூச்சு முட்டினாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.