சால்மன் சமைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

செப்டம்பர் பிறந்தால் டொராண்டோவில் எங்கள் பக்கத்துக்குப் படிக்க வரும் பிள்ளைகள் கூடிவிடுவார்கள். முதல் மாதம் முட்டை, ரொட்டி, நூடுல்ஸ் என்று ஓடும். அப்புறம் ஒரு நாள் கடையில் ஆரஞ்சு நிறத்தில் பளபளக்கும் சால்மன் துண்டைப் பார்த்து வாங்கிவிடுவார்கள். "அக்கா, மீன் வறட்டுன்னு ஆயிடுச்சு, என்ன தப்பு பண்ணேன்?" என்று போன் வரும். விசாரித்தால், இந்த ஊருக்கு வந்த புதிதில் நான் செய்த அதே காரியங்களைத்தான் செய்திருப்பார்கள்.

உப்பு மறந்துபோவது, முள் எடுக்காமல் விடுவது எல்லாம் ஒரு முறை பட்டால் தானாகத் திருந்திவிடும். பல முறை பட்டும் பிடிபடாத தவறுகளைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

மீனை முதலில் அடுப்பில் ஏற்றுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. நல்ல மீன், நல்ல காசு, நல்ல மனசு எல்லாம் இருந்தும் வரிசை மாறியதால் சாப்பாடு வீணாகிறது.

நம் வீடுகளில் குழம்பை முதலில் வைத்து இறக்கிவிட்டுத்தான் மற்ற வேலை. மீன் குழம்பு காத்திருக்கும். மறுநாள் இன்னும் ருசியாக இருக்கும். அந்தப் பழக்கத்தில் சால்மனையும் முதலில் முடித்து வைத்துவிடுகிறார்கள். சால்மன் காத்திருக்காது. ஒரு அங்குலத் தடிமனுள்ள துண்டு கல்லில் வேக ஏழெட்டு நிமிடம்தான் ஆகும். சோறு வேக இருபது நிமிடம், பொரியலுக்குப் பத்து நிமிடம், காய் நறுக்க இன்னும் கொஞ்சம். மீன் முதலில் இறங்கினால் அத்தனை நேரமும் அது என்ன செய்யும்?

தெரிந்த தம்பி ஒருவர் நண்பர்களைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். முழுப் பக்கமாக ஒரு பெரிய ஃபில்லட் வாங்கி, ஏழு மணிக்கே ஓவனில் வைத்துவிட்டு அரிசி களைய ஆரம்பித்தார். வெளியே பனி. வர வேண்டியவர்கள் வழியில் மாட்டிக்கொண்டார்கள். மீன் ஆறிவிடக் கூடாதே என்று ஃபாயிலால் மூடி, இளஞ்சூடான ஓவனுக்குள்ளேயே வைத்திருந்தார். நான் போய்த் திறந்தபோது துண்டைச் சுற்றி வெள்ளை வெள்ளையாகத் திரண்டு நின்றது. "கெட்டுப்போச்சா அக்கா?" என்று கேட்டார். கெடவில்லை. அது ஆல்புமின் என்ற புரதம். எந்தச் சால்மனிலும் கொஞ்சம் வெளியே வரும். அவ்வளவு வந்திருந்தால் மீன் அளவுக்கு மீறி வெந்திருக்கிறது என்று அர்த்தம்.

மீனின் சதை ஆட்டுக்கறி மாதிரி வேக வேக மிருதுவாகிற சங்கதி இல்லை. அதில் இழைகள் குட்டை, அவற்றைச் சேர்த்துப் பிடிக்கும் சவ்வும் மெல்லியது. உள்ளே 50 டிகிரி செல்சியஸை ஒட்டி வரும்போதே சதை அடுக்கடுக்காகப் பிரியத் தொடங்கும். 60 டிகிரி தாண்டினால் இழைகள் சுருங்கி, தண்ணீரைப் பிழிந்து வெளியே தள்ளிவிடும். மூடி வைத்த சூட்டில் இதுதான் நடக்கிறது. தோலும் ஆவியில் நனைந்து ரப்பராகிவிடும். பிறகு எத்தனை எலுமிச்சை பிழிந்தாலும் அந்த ஈரம் திரும்பாது.

ஆகவே வரிசையைத் தலைகீழாக்குங்கள். எங்கள் வீட்டில் சாதாரண நாளில் நடப்பது இது: முதலில் சாதம் வடித்து ஆற வைத்து, எலுமிச்சை சாதமாகக் கிளறி மூடிவிடுவேன். வெள்ளரிக்காயை மெல்லிசாகச் சீவி, உப்புப் போட்டுப் பிசறி, விட்ட தண்ணீரைப் பிழிந்து வைப்பேன். பீன்ஸ் பொரியல் இறங்கும். தட்டு வைத்து, எல்லோரும் உட்கார்ந்த பிறகுதான் தயிரை வெள்ளரியில் கலப்பதும், மீனுக்குக் கல் காய வைப்பதும்.

அதற்குள் மீன் கால் மணி நேரம் முன்பே உப்புத் தடவி வெளியே இருக்கும். டிஷ்யூவால் தோலை ஒற்றி எடுக்க வேண்டும்; ஈரம் இருந்தால் கல்லில் ஒட்டும். மிதமான தீயில் தோல் கீழே இருக்கும்படி வைத்து, தோசைத் திருப்பியால் அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். அழுத்தாவிட்டால் துண்டு வளைந்து, நடுத்தோல் மட்டும் வேகாமல் நிற்கும். அப்புறம் தொடாதீர்கள். பக்கவாட்டில் பாருங்கள்: கண்ணாடி மாதிரி இருக்கும் ஆரஞ்சு, அடியிலிருந்து வெளிர் நிறமாக மேலே ஏறிக்கொண்டே வரும். முக்கால்வாசி ஏறியதும் திருப்பிப் போட்டு, ஒரு நிமிடத்தில் இறக்கிவிடுங்கள். மிச்சச் சூட்டிலேயே இன்னும் மூன்று நான்கு டிகிரி ஏறும்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கனடா அரசு மீனுக்குச் சொல்லும் உள்சூடு 70 டிகிரி, அமெரிக்காவில் 63. கர்ப்பிணிகள், முதியவர்கள், சின்னக் குழந்தைகள் சாப்பிடுகிற வீட்டில் அந்தக் கணக்கையே வையுங்கள். அவர்களுக்கு ரசம் சாதத்தில் பிசைந்து கொடுத்தால் வறட்சி தெரியாது.

கொழுப்புக்குத் துணையாகக் கொழுப்பு

கடையில் அட்லாண்டிக் சால்மன் என்று இருப்பது பெரும்பாலும் பண்ணை மீன். அதிலேயே எண்ணெய் தாராளம். அதனுடன் நெய்ச்சோறு, தேங்காய்ப்பால் குழம்பு, சீஸ் போட்ட பாஸ்தா என்று வைத்தால் நாலாவது வாயில் திகட்டிவிடும். நார்வே, ஸ்வீடன் வீடுகளில் இதற்குப் பக்கத்தில் என்ன வைக்கிறார்கள் பாருங்கள்: அவித்த உருளைக்கிழங்கு, டில் கீரை, சர்க்கரையும் வினிகரும் போட்டு ஊறவைத்த வெள்ளரி. புளிப்பும் மொறுமொறுப்பும்தான் கணக்கு.

நம்மிடம் அதற்குப் பஞ்சமே இல்லை. தக்காளி ரசம், மாங்காய்ப் பச்சடி, எலுமிச்சை பிழிந்த வெங்காயம், முட்டைக்கோஸ் பொரியல் எல்லாம் பொருந்தும். கடுகு தாளித்த எதுவும் சால்மனுக்கு நன்றாகச் சேரும். மொறுமொறு தோலை ரசம் சாதத்துக்கு அப்பளம்போலக் கடித்துக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் அதற்குத்தான் போட்டி.

பசிபிக் பக்கத்து சாக்ஐ சால்மன் வேறு. ரத்தச் சிவப்பு, கொழுப்பு குறைவு, மெல்லிய துண்டு. சொதி, தேங்காய்ப்பால் எல்லாம் அதற்கு அழகாகப் பொருந்தும். இரண்டு மூன்று நிமிடம் முன்பே இறக்கிவிட வேண்டும்.

தோலிலும் மசாலா அப்புவது

வஞ்சிரத்துக்குத் தடவுகிற மாதிரி இரு பக்கமும் தடவிவிடுகிறார்கள். தோல் முறுக ஐந்து நிமிடம் வேண்டும். மிளகாய்த்தூள் அதற்கு முன்பே கருகிக் கசந்துவிடும். மசாலா சதைப் பக்கம் மட்டும். தோலுக்கு உப்பும் எண்ணெயும் போதும்.

இரவெல்லாம் எலுமிச்சையில் ஊறவைப்பது

பத்து நிமிடம் போதும். அதற்கு மேல் போனால் மேல்சதை வெளுத்து மாவாகும்.

உறைந்த பாக்கெட்டைப் பிரிக்காமல் இளகவிடுவது

காற்றை உறிஞ்சி வெளியேற்றிய பிளாஸ்டிக் உறையில் வரும் மீனை அப்படியே ஃபிரிட்ஜில் வைத்து இளக்குகிறார்கள். பிரித்துவிட்டு வையுங்கள். பாட்டுலினம் கிருமி காற்றில்லாத இடத்தில்தான் வளர்ந்து நஞ்சை உண்டாக்கும். மீனில் வரும் வகை ஃபிரிட்ஜ் குளிரிலும் வளரக்கூடியது. வாசனையை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்று நம்பாதீர்கள்.

காலா மீனுக்கு இதே கணக்கைப் போடுவது

ஊரில் 'இந்தியன் சால்மன்' என்று விற்கும் காலா வேறு குடும்பத்து மீன். அதைக் குழம்பு வையுங்கள், வறுங்கள். இந்த நிமிடக் கணக்கு அதற்கு இல்லை.

டின் சால்மனில் முள்ளைப் பொறுக்கி எறிவது

எறியாதீர்கள். விரலால் நசுக்கினாலே மசியும். கால்சியம் அதில்தான் இருக்கிறது.

மிச்சத்தை மைக்ரோவேவில் வைப்பது

சால்மன் எண்ணெயை மறுபடி சூடாக்கினால் கவிச்சி கிளம்பும். வீடு முழுக்க நிற்கும். மிச்சத் துண்டை உடனே ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாள் குளிர்ச்சியாகவே உதிர்த்துக்கொள்ளுங்கள். சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், இஞ்சி, கறிவேப்பிலையை நன்றாக வதக்கி, மஞ்சள்தூள் போட்டு, அடுப்பை அணைத்த பிறகு மீனைப் போட்டுப் பிரட்டுங்கள். சுறாப்புட்டு சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தப் புட்டு பிடிக்கும். சூடான சாதத்தில் பிசைந்து, பக்கத்தில் கொஞ்சம் புளிரசம் வைத்துக்கொள்ளுங்கள்.