இயற்கை விளைபொருட்களை ஆன்லைனில் வாங்குவது எப்படி: முத்திரையை மட்டும் நம்பாதீர்கள்

செயலியை இறக்குவது, முகவரி கொடுப்பது, பணம் கட்டுவது எல்லாம் உங்களுக்கே தெரியும். அதற்கு அப்புறம் வருவதை மட்டும் எழுதுகிறேன்.

படி 1: கடையைத் தேர்ந்தெடுப்பது

பொருளின் பக்கத்தில் விளைந்த ஊர், பண்ணையின் பெயர், அறுவடை நாள் மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். ‘பண்ணையிலிருந்து நேரடியாக’ என்ற வரி மட்டும் போதாது. வருடம் முழுக்க எல்லாக் காய்களும் இருப்பில் இருக்கும் தளத்தை நான் தொடுவதில்லை. பருவம் முடிந்ததும் ‘இப்போது இல்லை’ என்று சொல்லும் கடைதான் உள்ளூர் விவசாயியிடம் வாங்குகிற கடை. விவசாயிகளே சேர்ந்து நடத்தும் தளம் கிடைத்தால் அதையே எடுங்கள். கேள்வி கேட்டால் விளைவித்தவரே பதில் சொல்வார்.

படி 2: சான்றிதழைச் சரிபார்ப்பது

நான் அதிகம் திணறியது இங்கேதான். தளத்தின் முகப்பில் ‘இயற்கை முறையில் விளைந்தது’ என்ற சான்று முத்திரை பெரிதாக இருக்கும். அது எந்தப் பொருளுக்கு என்பதை எங்கும் சொல்லியிருக்க மாட்டார்கள். சான்றிதழின் நகலைக் கேட்டு வாங்குங்கள். யார் பெயரில் இருக்கிறது, எந்தெந்தப் பொருள்கள் அதில் அடங்கும், எந்தத் தேதி வரை செல்லும் என்று பாருங்கள். தானியத்துக்கு வாங்கிய சான்றிதழ் கீரைக்குச் செல்லாது. பொருள் பட்டியல் பெரும்பாலும் பின்னிணைப்பில் இருப்பதால் முதல் பக்கத்தை மட்டும் அனுப்பினால் விடாதீர்கள்.

முத்திரைகளும் ஒன்றுபோல் இல்லை. அமெரிக்காவில் பாக்கெட் உணவில் உப்பும் தண்ணீரும் நீங்கலாக 95 சதவீதமாவது இயற்கை முறையில் விளைந்திருந்தால்தான் அரசு முத்திரை போடலாம். சான்று பெற்றவர்களின் பெயரை அந்நாட்டு வேளாண் துறையின் இணையதளத்தில் யாரும் தேடிப் பார்க்கலாம். ஐரோப்பாவின் பச்சை இலை முத்திரையோடு, சான்றளித்த அமைப்பின் குறியெண்ணும் விளைந்த இடமும் இருக்க வேண்டும். விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் நிலத்தை ஒருவர் பார்த்துச் சான்றளிக்கும் இந்தியாவின் பி.ஜி.எஸ். முறையில் இரண்டு முத்திரைகள் உண்டு: ‘கிரீன்’ என்றால் இயற்கை விவசாயத்துக்கு மாறிக்கொண்டிருக்கும் நிலம், ‘ஆர்கானிக்’ என்றால் மாறி முடித்த நிலம்.

சிறு விவசாயிக்குச் சான்றிதழ் இல்லாமல் இருக்கலாம். அதனாலேயே ஒதுக்கிவிடாதீர்கள். என்ன உரம் போடுகிறார், பூச்சிக்கு என்ன தெளிக்கிறார், பக்கத்து வயலில் அடிக்கும் மருந்து தன் பயிர் மேல் படாமல் எப்படித் தடுக்கிறார் என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்குத் தெளிவாகப் பதில் சொல்பவரிடம் நான் தயங்காமல் வாங்குவேன்.

படி 3: ஆர்டர்

வாரத்துக்கு ஒரே பெட்டி, வீட்டில் ஆள் இருக்கும் நேரம். தினம் கொஞ்சம் கொஞ்சமாக வரவழைத்தால் வண்டிதான் வீணாக அலையும். ஆனால் தூரத்தை மட்டும் வைத்துச் சுற்றுச்சூழல் கணக்குப் போடாதீர்கள். 2018இல் ‘சயின்ஸ்’ இதழில் பூர், நெமெசெக் என்ற இரு ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வின்படி, உணவால் உண்டாகும், பூமியைச் சூடாக்கும் பசுங்குடில் வாயுக்களில் போக்குவரத்தின் பங்கு சுமார் 6 சதவீதம்தான். என்ன வாங்குகிறோம், அது எப்படி விளைந்தது என்பதற்கே எடை அதிகம்.

படி 4: பெட்டி வந்ததும்

உடனே பிரித்து, அடியில் இருப்பதை முதலில் பாருங்கள், நசுங்குவது அங்கேதான். அழுகல் இருந்தால் அப்போதே படம் எடுத்து அனுப்புங்கள். பழுத்த தக்காளியையும் வாழைப்பழத்தையும் கீரையோடு வைக்காதீர்கள். அவை விடும் எத்திலீன் வாயுவால் கீரை சீக்கிரம் மஞ்சளாகிவிடும்.

பின்சேர்க்கை: ‘பிளாஸ்டிக் உறை வேண்டாம்’ என்று எழுதியும் அதிலேயே வருகிறது என்று சிலர் கேட்டிருந்தார்கள். பல செயலிகளில் அந்தக் குறிப்பு அந்த ஒரு ஆர்டருக்கு மட்டும்தான். ஒவ்வொரு முறையும் திரும்ப எழுதுங்கள், அல்லது கடைக்கு போன் செய்து உங்கள் கணக்கிலேயே பதியச் சொல்லுங்கள். காலிப் பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொள்வார்களா என்பதையும் அதே போனில் கேட்டுவிடுங்கள்.